மெட்டலா, டிஷ்யூவா?

எக்கோ அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் கடைசி வரியைத்தான் தேடுவார்கள். ‘கடுமையான மைட்ரல் சுருக்கம்’ என்று அங்கே அச்சாகியிருக்கும். அதற்கு மேலே, யாரும் படிக்காத எண்களுக்கு நடுவே, வால்வின் பரப்பு 0.9 சதுர சென்டிமீட்டர் என்று ஒரு வரி கிடக்கும். விஷயம் அந்த எண்ணில்தான் இருக்கிறது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள மைட்ரல் வால்வு நல்ல நிலையில் இருந்தால், திறக்கும்போது 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை வழிவிடும். இரண்டு விரல் தாராளமாக நுழையும். 1.5-க்குக் கீழே இறங்கினால் கடுமை என்பது இன்றைய கணக்கு. 0.9 என்றால் சுண்டுவிரல் நுனி நுழைவதே பாடு. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதுகூட நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் அந்த இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும்.

வால்வுக்குச் சொந்தமாகச் சுருங்கி விரியும் வலு கிடையாது. முன்னால் அழுத்தம் கூடினால் இதழ்கள் திறக்கும், பின்னால் கூடினால் மூடிக்கொள்ளும். ஒரு நாளைக்கு லட்சம் முறை இதையே செய்கிறது. ஆகவே அதற்கு வரும் கோளாறும் இரண்டே வகைதான். சரியாகத் திறக்காமல் போகலாம், அது சுருக்கம். சரியாக மூடாமல் போகலாம், அது கசிவு. இரண்டும் ஒரே வால்வில் சேர்ந்து வருவதும் உண்டு.

மேலை நாடுகளில் வால்வு ஆபரேஷன் என்றால் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்களின் பெருந்தமனி வால்வு. வயதாக ஆக அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிப்போகிறது. நம் ஊர் இதய வார்டுகளில் அந்த முதியவர்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் இருபத்தைந்து வயதுப் பெண்ணும் படுத்திருப்பாள். அவள் கதை பள்ளிக்கூட வயதிலேயே தொடங்கிவிட்டது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டை வலி வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சலும், ஒரு முட்டியிலிருந்து இன்னொரு முட்டிக்குத் தாவும் வீக்கமும் வந்து தானே அடங்கின. கிருமியோடு சண்டைக்குப் போன எதிர்ப்புச் சக்தி, கிருமியின் புரதத்தைப் போலவே தோற்றம் காட்டும் வால்வின் திசுவையும் தாக்கிவிட்டது. இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் தடயமில்லாமல் போய்விடும். வால்வு இதழ்களின் ஓரங்கள் மட்டும் வருடக்கணக்கில் மெல்ல ஒட்டிக்கொண்டே வரும். கடைசியில் மீன்வாய் போலக் குறுகிய ஒரு பிளவுதான் மிஞ்சும்.

பல பெண்களுக்கு இது முதன்முதலில் தெரியவருவது கர்ப்பத்தின்போது. அதற்குக் காரணம் உண்டு. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, நாடியும் வேகமெடுக்கிறது. நாடி வேகமானால் இதயம் சுருங்கும் நேரம் அதிகம் குறைவதில்லை. இரண்டு துடிப்புக்கு நடுவே அது நிரம்பும் நேரம்தான் குறைகிறது. குறுகிய வால்வுக்கு வேண்டியது நேரம் ஒன்றுதான், அதைப் பிடுங்கிக்கொண்டால் ரத்தம் மேலறையில் தேங்கி, அங்கிருந்து நுரையீரலுக்குப் பின்வாங்குகிறது. படியேறினால் மூச்சு வாங்குவதும், படுத்தால் இருமல் வருவதும், நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வதும் இதனால்தான்.

ஆபரேஷன் எப்போது என்ற கேள்விக்கு மருத்துவர்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்த அறிகுறிகளைத்தான். சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. நோயாளி பொய் சொல்வதில்லை. ஆனால் அவர் சொல்வது உண்மையாகவும் இருப்பதில்லை. “படி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?” என்று மருத்துவர் கேட்பார். “இல்லைங்க டாக்டர்” என்பார் அந்த அம்மா. “எத்தனை படி ஏறுவீங்க?” என்று அடுத்த கேள்வி வரும். “மாடிக்கு நான் போறதே இல்லைங்களே, மருமகதான் துணி காயப்போடும்.” மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மூச்சு வாங்கவில்லை என்று சொல்லும் நிலைக்கு அவர் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். போன தீபாவளிக்குச் செய்து இந்தத் தீபாவளிக்குச் செய்யாத வேலை எது என்று கேட்டால், எக்கோவுக்குச் சமமான பதில் கிடைக்கும்.

பெருந்தமனி வால்வின் சுருக்கத்தில் அறிகுறியின் கதை இன்னும் கறாரானது. 1968-ல் ஜான் ராஸ், யூஜின் பிரான்வால்ட் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் அந்த நோயின் போக்கை ஒரு வரைபடமாக்கினார்கள். பல வருடங்கள் கோடு மட்டமாகவே போகிறது. அறிகுறி தோன்றிய இடத்தில் செங்குத்தாகச் சரிகிறது. அறுவை இல்லாவிட்டால் நெஞ்சுவலி வந்தவருக்குச் சராசரியாக 5 ஆண்டு, மயங்கி விழுந்தவருக்கு 3, மூச்சுத்திணறல் வந்தவருக்கு 2. அரை நூற்றாண்டு கழித்தும் அந்தப் படத்தை மாற்றி வரைய வேண்டிய அவசியம் அதிகம் ஏற்படவில்லை. அறிகுறி வந்த பிறகு ‘கொஞ்ச நாள் மாத்திரையில் ஓட்டிப் பார்க்கலாம்’ என்ற பேச்சு எடுபடாத நோய் அது. நீர்ப்போக்கு மாத்திரை மூச்சைச் சற்று இலகுவாக்கும். கல்லாகிப்போன வால்வை எந்த மாத்திரையும் திறப்பதில்லை.

கசிவில் ஏமாற்றுவது வேறு. எக்கோவில் ‘இஎஃப்’ என்று ஒரு விழுக்காடு இருக்கும். கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் எவ்வளவைத் துடிப்புக்குத் துடிப்பு வெளியேற்றுகிறது என்ற கணக்கு. 60 என்றால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் மைட்ரல் கடுமையாகக் கசியும்போது கீழறை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. ஒரு பங்கு முன்னே பெருந்தமனிக்கு, ஒரு பங்கு பின்னே மேலறைக்கு. பின்பக்கம் தள்ளுவது சுலபமான வேலை என்பதால் களைத்துப்போன தசைகூட நல்ல விழுக்காடு காட்டும். அதனால்தான் அறிகுறியே இல்லாவிட்டாலும் இஎஃப் 60-ஐத் தொட்டதும், அல்லது சுருங்கிய நிலையிலும் கீழறையின் குறுக்களவு 40 மில்லிமீட்டரை எட்டியதும் ஆபரேஷனைப் பேசத் தொடங்குகிறார்கள். நன்றாக நடமாடும் ஒரு மனிதரைக் கூப்பிட்டு நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று சொல்வதன் பின்னணி இது. வீட்டில் எழும் கோபம் நியாயமானதே. ஆனால் தசை தளர்ந்த பிறகு வால்வைச் சரிசெய்தால், புதிய வால்வும் பழைய களைப்பும் சேர்ந்து வாழ வேண்டியிருக்கும்.

வால்வைத் தொடலாம் என்ற எண்ணமே மருத்துவத்துக்கு நெடுநாள் ஒவ்வாமல் இருந்தது. லண்டனில் ஜேம்ஸ் மெக்கென்ஸி போன்ற பெரிய இதய மருத்துவர்கள் நோய் தசையில் இருக்கிறது, வால்வில் இல்லை என்று கற்பித்து வந்தார்கள். 1925-ல் அதே ஊரில் ஹென்றி சூட்டர் என்ற அறுவை மருத்துவர் ஓர் இளம்பெண்ணின் துடிக்கும் இதயத்தின் மேலறையில் சிறு வழி செய்து, ஆள்காட்டி விரலை உள்ளே விட்டு மைட்ரல் வால்வைத் தடவிப் பார்த்தார். கத்தியால் வெட்டுவதாகத்தான் திட்டம். விரல் உள்ளே போன பிறகு கசிவு அதிகம் என்று பட்டதால் கத்தியை விட்டுவிட்டு விரலாலேயே வழியை அகற்றினார். அந்தப் பெண் பிழைத்து வீட்டுக்குப் போனாள். இவ்வளவு நடந்தும் அவருக்கு அடுத்த நோயாளியை ஒரு மருத்துவரும் அனுப்பவில்லை. 1948-ல் பிலடெல்பியாவில் சார்லஸ் பெய்லி, பாஸ்டனில் ட்வைட் ஹார்க்கன், லண்டனில் ரஸ்ஸல் பிராக் என மூவர் சில மாத இடைவெளியில் இதே வேலையை மறுபடி செய்துகாட்டும் வரை 23 ஆண்டுகள் வீணாய்ப் போயின.

விரலால் திறக்கும் இந்த வித்தை நம் பக்கத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. 1949-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் என்ற அமெரிக்கர் நெஞ்சறைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். இதய நுரையீரல் எந்திரம் வேண்டாம், விலை உயர்ந்த வால்வு வேண்டாம், ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுள் முழுதும் மாத்திரை வேண்டாம். ஏழைக்கும் கட்டுப்படியான இதய ஆபரேஷன் அது. 1983-ல் ஸ்டான்லி ஜானும் அவருடைய குழுவும் வேலூரில் இப்படிச் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் கணக்கை ‘சர்க்குலேஷன்’ இதழில் வெளியிட்டார்கள். மேலை நாடுகள் அந்த முறையை மறக்கத் தொடங்கிய காலத்தில் வந்த கட்டுரை அது. விரல் செய்த வேலையை இன்று பலூன் செய்கிறது. ஜப்பானிய அறுவை மருத்துவர் கஞ்சி இனோயுவின் உத்தி; 1980-களின் முற்பாதியில் வந்தது. தொடைச் சிரை வழியாகச் சுருட்டிய பலூனைக் கொண்டுபோய், மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரைத் துளைத்து, வால்வில் நிறுத்தி விரிக்கிறார்கள். இதழ் மென்மையாக இருந்து, சுண்ணாம்பு இல்லாமல், கசிவும் அதிகம் இல்லாமல், மேலறையில் ரத்தக்கட்டி இல்லாமல் இருந்தால் பலூனே முதல் தேர்வு. இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். நெஞ்சில் தழும்பு இல்லை.

இத்தனை ‘இருந்தால்’களும் எல்லோருக்கும் அமைவதில்லை. வால்வைத் தைத்துச் சீர்செய்ய முடிந்தால் அதுவும் நல்லதுதான். பாரிஸில் அலேன் கார்ப்பெந்தியே அதை ஒரு கலையாகவே வளர்த்தார். ருமாட்டிக் வால்வு தடித்துச் சுருங்கிப்போவதால் பல நேரம் தையலுக்கு ஒத்துவராது. அப்போது மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவது என்று முடிவானதும் வருவது இந்த அத்தியாயத்தின் தலைப்பிலுள்ள கேள்வி.

மெட்டல் வால்வின் வரலாறு ஓய்வுபெற்ற ஓர் எஞ்சினியரிடம் தொடங்குகிறது. 1958-ல் லோவல் எட்வர்ட்ஸ் என்பவர் அமெரிக்காவின் போர்ட்லண்டில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரிடம் போய்ச் செயற்கை இதயம் செய்வோமா என்று கேட்டார். முதலில் ஒரு வால்வு செய்வோம் என்றார் ஸ்டார். இரண்டே ஆண்டில், 1960 செப்டம்பரில், கூண்டுக்குள் பந்து ஏறி இறங்கும் அவர்களுடைய வால்வு ஒரு மனிதருக்கு வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. அவர் பல ஆண்டு நல்லபடி வாழ்ந்து, கடைசியில் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வு உலகில் இதைவிட நல்ல சான்றிதழ் கிடைப்பது அரிது.

பந்துக்குப் பிறகு சாயும் தகடு வந்தது. இந்த வகையில் ஒரு கசப்பான கதை உண்டு. 1979 முதல் 1986 வரை உலகமெங்கும் சுமார் 86,000 பேருக்குப் பொருத்தப்பட்ட பியோர்க்–ஷைலி குவிகுழித் தகடு வால்வில், தகட்டைத் தாங்கும் கம்பி சிலருக்கு முறிந்து தகடு கழன்று ஓடியது. முறிந்தவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. மற்றவர்களுக்கு என்ன சொல்வது? வால்வு முறியும் வாய்ப்பு சிறியது; நெஞ்சை மறுபடி திறந்து அதை மாற்றும் ஆபரேஷனில் உயிர் போகும் வாய்ப்பு பலருக்கு அதைவிடப் பெரியது. ஆகவே குறையுள்ளது என்று தெரிந்தே பெரும்பாலோர் அதை நெஞ்சில் சுமந்துகொண்டு வாழ்ந்தார்கள். சரியான முடிவு நிம்மதியான முடிவாகவும் இருக்கும் என்ற உத்தரவாதம் எங்கும் இல்லை.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தானும் எஞ்சினியர் ஜி. எஸ். புவனேஷ்வரும் இந்திய வால்வுக்கு முயன்றபோது, வால்வு மனிதருக்குள் போவதற்கு முன்பே முறிவுகள் வந்தன. இறக்குமதி வால்வின் விலை நம் ருமாட்டிக் நோயாளிகளுக்கு எட்டாது, அதனால்தான் முயற்சியே. முதல் மாதிரிகள் சோதனை எந்திரத்தில் முறிந்தும் தேய்ந்தும் போயின. இதயம் ஆண்டுக்குச் சுமார் 3.7 கோடி முறை துடிக்கிறது. பத்து ஆண்டுத் துடிப்பை எந்திரத்தில் சில மாதத்துக்குள் ஓட்டிப் பார்த்தால்தான் எது தாங்கும் என்று தெரியும். ஒரு மாதிரியில் தகட்டுக்குச் செயற்கை நீலக்கல்லைப் போட்டார்கள். கடினம், தேயாது. செம்மறியாட்டின் இதயத்தில் அந்தத் தகடு உடைந்தது. கடினத்தை நம்புவதை அதோடு விட்டுவிட்டு, நேரெதிராகப் போனார்கள். மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தகடு, கோபால்ட்–குரோமியம் கலவையில் கூடு, சுற்றிலும் தைப்பதற்குப் பாலியஸ்டர் துணி வளையம். 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே–சித்ரா வால்வு என்ற பெயரில் இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போயிருக்கிறது. பிளாஸ்டிக் தகடு என்பதால் கூட்டில் மோதும்போது எழும் ஓசையும் குறைவு. அதன் அருமை அமைதியான ராத்திரிகளில்தான் தெரியும்.

மெட்டல் வால்வு ஆளின் ஆயுளுக்கும் உழைக்கும். அதற்கு உடம்பு கேட்கும் விலை, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வது. உலோகத்திலும் தகட்டின் இடுக்கிலும் ரத்தம் உறைந்தால் வால்வு சிக்கி நின்றுவிடும். உறைந்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை, ஆயுள் முழுதும், ஒரு நாள் விடாமல். வார்ஃபரின் பிறந்தது மாட்டுத் தொழுவத்தில். 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி உறையாத ரத்தத்தைப் பால் கேனில் நிரப்பிக்கொண்டு பனிப்புயலில் வந்து கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் இறக்கினார். லிங்க் குழு அதன் காரணத்தைப் பிரித்தெடுத்தது. 1948-ல் அதன் உறவுப்பொருள் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அதே மருந்து கொடுக்கப்பட்டது. பரிசோதனை தேவைப்படாத புதிய வகை மாத்திரைகள் இப்போது பல நோய்களுக்கு வந்துவிட்டன. மெட்டல் வால்வுக்கு அவை ஆகாது. டாபிகாட்ரன் என்ற மாத்திரையை வைத்து நடந்த ஆய்வில் உறைதலும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தினார்கள். மெட்டல் வால்வுக்காரருக்கு இன்றும் அந்தப் பழைய எலி மருந்துதான்.

டிஷ்யூ வால்வு என்பது பன்றியின் வால்வு, அல்லது மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையைக் கத்தரித்துத் தைத்த வால்வு. குளூட்டரால்டிஹைடில் ஊறவைத்துப் பதப்படுத்தியிருப்பார்கள். அதையும் கார்ப்பெந்தியேதான் கண்டார். முதல் சில மாதங்களுக்குப் பிறகு, நாடி ஒழுங்காக இருந்தால், உறைதடுப்பு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் வால்வு தேயும். எழுபது வயதுக்காரரிடம் 15 ஆண்டு போல ஓடும் வால்வு, இருபத்தைந்து வயதுக்காரியிடம் பத்து ஆண்டு தாண்டுவதே சிரமம். இளம் உடம்பு அதில் வேகமாகச் சுண்ணாம்பைப் படியவிடுகிறது. அப்போது இரண்டாவது ஆபரேஷன்.

அமெரிக்க வழிகாட்டி நெறி இதற்கு வயதைக் கோடாக வைக்கிறது. 50-க்குக் கீழே பொதுவாக மெட்டல், 65-க்கு மேலே டிஷ்யூ, நடுவில் பேசி முடிவு செய்யலாம். அந்த நாட்டுக்கு அது பொருந்தும். நம் ஊரில் வயதுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது என் எண்ணம். ஐஎன்ஆர் பரிசோதனை செய்யும் இடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம்? மாதம் ஒருமுறை யார் கூட்டிப்போவார்கள்? அன்றைய கூலி போனால் பரவாயில்லையா? ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் விகிதம், மற்றவர்களுக்கு 1. பெருந்தமனியில் மெட்டல் வால்வு உள்ளவருக்கு 2.5-ஐ ஒட்டியும், மைட்ரலில் உள்ளவருக்கு 3-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். கீழே போனால் உறையும், மேலே போனால் ஒழுகும். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாலும் ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்குப் பெரிய ரத்தக்கசிவும், ஏறக்குறைய அதே அளவில் உறைதல் சிக்கலும் வரத்தான் செய்யும். பேருந்து இரண்டு மாறிப் போய்த்தான் பரிசோதிக்க வேண்டும் என்றால் அந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷனுக்குக் கைகொடுக்கும். அதற்குப் பிறகு வரும் முப்பது வருடத்துச் சின்னச் செலவுகளையும் அலைச்சலையும் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குச் சங்கடம் இரட்டிப்பு. உறைதடுப்பு மாத்திரை கர்ப்பத்தின் 6 முதல் 12-ஆம் வாரம் வரை கருவின் எலும்பையும் மூக்கையும் கெடுக்கக்கூடும்; மாத்திரையின் அளவு குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைகிறது. அதை நிறுத்தி ஹெப்பாரின் ஊசிக்கு மாறினால் குழந்தைக்குப் பாதுகாப்பு, தாயின் வால்வு உறையும் ஆபத்து. டிஷ்யூ போட்டால் கர்ப்பம் சுமப்பது எளிது. குழந்தை நாலாம் வகுப்புப் படிக்கும்போது அம்மாவுக்கு இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க வேண்டிவரலாம். இதில் எது சரி என்று மருத்துவர் மட்டும் சொல்லிவிட முடியாது. அவளிடம் கேட்க வேண்டும். பல வீடுகளில் கணவரிடமும் மாமியாரிடமும் கேட்டுவிட்டு அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள்.

முதியவர்களுக்கு இப்போது மூன்றாவது வழி இருக்கிறது. 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் அலேன் கிரிபியே நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாகப் பெருந்தமனி வால்வைப் பொருத்தினார். ‘டாவி’ என்கிறார்கள். எண்பது வயதுக்காரரை மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும் சிகிச்சை. விலைதான் நம் நடுத்தரக் குடும்பங்களை இன்னும் யோசிக்க வைக்கிறது.

ஆபரேஷன் அறைக்குள் நடப்பதில் ஒரு காட்சியைச் சொல்லலாம். இதயம் நின்றிருக்கும், ரத்தம் எந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய வால்வை வெட்டியெடுத்த வட்டத்தைச் சுற்றி ஒரு பச்சை நூல், ஒரு வெள்ளை நூல் என்று மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு தையலுக்கு மேல் போடுவார்கள். எது எதற்கு ஜோடி என்று குழம்பாமலிருக்கத்தான் இரண்டு நிறம். நூல்களின் மறுமுனைகள் நெஞ்சுக்கு மேலே ஒருவர் கையில் பிடித்திருக்கும் புது வால்வின் துணி வளையத்துக்குள் போகும். எல்லா நூலும் இழுத்து விறைப்பாக நிற்க, வால்வை அவற்றின் வழியே மெல்லக் கீழே இறக்கி உட்காரவைத்து முடிச்சுப் போடுவார்கள். தகடு தடையில்லாமல் அசைகிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் இதய அறையை மூடுவது.

ஆபரேஷனுக்குப் பிறகு நினைவு ஒரேயடியாகத் திரும்பாது. தொண்டையில் குழாய், நெஞ்சிலிருந்து வடிகுழாய்கள், தோலுக்கு வெளியே தொங்கும் மெல்லிய பேஸ்மேக்கர் கம்பிகள். ஐசியுவில் இரவு எது பகல் எது என்று தெரியாமல் சிலர் உளறுவார்கள், குழாயைப் பிடுங்குவார்கள். வயதானவர்களுக்கு இது அதிகம். புத்தி பேதலித்துவிட்டது என்று வீட்டார் அழ வேண்டாம். பெரும்பாலோருக்குச் சில நாளில் தெளிந்துவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில் நாடி தாறுமாறாக ஓடுவதும் சகஜம், மூவரில் ஒருவருக்காவது வரும்.

வார்டுக்கு வந்ததும் கையில் மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்பார்கள். பலரும் அதில் ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக ஆழமாக மூச்சை இழுத்து, பந்தைத் தூக்கி, மேலேயே இரண்டு மூன்று வினாடி நிறுத்த வேண்டும். ஆபரேஷனின்போது சுருங்கிப்போன நுரையீரலின் அடிப்பகுதி அப்போதுதான் விரியும். இருமல் வந்தால் அடக்காமல், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். மார்பெலும்பை நடுவே அறுத்து ஸ்டீல் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் குழந்தை எதுவும் கூடாது. கட்டிலிலிருந்து எழும்போது கையை ஊன்றக் கூடாது. பக்கவாட்டில் புரண்டு காலைத் தொங்கவிட்டு எழ வேண்டும். பெண்கள் கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி போடும் உள்ளாடை அணிந்தால் தையலில் இழுவை குறையும். வெட்கப்பட்டு யாரும் கேட்பதில்லை, அதனால் பல இடங்களில் யாரும் சொல்வதுமில்லை.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் பசி இராது, தூக்கம் துண்டு துண்டாக வரும், காரணமில்லாமல் அழுகை வரும். ‘உயிர் பிழைச்சு வந்திருக்கீங்க, எதுக்கு அழறீங்க’ என்று சொல்லாமல் இருப்பது வீட்டார் செய்யக்கூடிய பெரிய உதவி. நடை தினமும் கொஞ்சம் கூட வேண்டும். காலையில் எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் மூச்சுத்திணறலும் தலைசுற்றலும் புதிதாக வந்தால் இதயத்தைச் சுற்றி நீரோ ரத்தமோ கட்டியிருக்கலாம், அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது. மெட்டல் வால்வுக்காரர் தன் நெஞ்சின் டிக் ஓசையை, முக்கியமாக வாய் லேசாகத் திறந்திருக்கும்போது, கேட்டுப் பழகிவிடுவார். முதல் வாரங்களில் தூக்கத்தைக் கெடுக்கும் அதே ஓசை ஒரு நாள் மங்கினாலோ கேட்காமல் போனாலோ, வால்வில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்று பொருள். அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கீரையை அறவே நிறுத்தச் சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உறைதடுப்பு மாத்திரை வைட்டமின் கே-யோடு மோதுகிறது, கீரையில் அது நிறைய இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு நாள் கீரை என்றால் எல்லா வாரமும் அதே இரண்டு நாள் சாப்பிடலாம். மாத்திரையின் அளவை அதற்கு ஏற்ப வைத்துவிடுவார்கள். ஒரு மாதம் விட்டுவிட்டு ஆடி மாதத்தில் முருங்கைக்கீரையாகக் குவிப்பதுதான் எண்ணைக் குலைக்கும். கீரையைவிட ஆபத்து, முட்டிவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையும், வயிற்றுப்போக்குக்குத் தாமாகவே வாங்கி விழுங்கும் மெட்ரோனிடசோலும், பெயர் தெரியாத சூரணங்களும். பல் பிடுங்கப் போனால் வால்வு இருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். பல்லீறிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி செயற்கை வால்வில் கூடு கட்டிவிடும். அதனால் பல் பிடுங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக, ஒவ்வாமை இல்லாதவருக்கு 2 கிராம் அமாக்ஸிசிலின் கொடுத்துவிட்டுத்தான் பல்லைத் தொடுவார்கள்.

வால்வே மாற்றியாகிவிட்டது, இனி எதற்கு என்று பலர் ஆபரேஷனோடு விட்டுவிடும் ஒன்று பென்சிலின் ஊசி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடுப்பில் போடும், மறுநாள் வரை வலிக்கும் ஊசி. மாற்றியது ஒரு வால்வு. மற்ற மூன்றும் பிறந்ததிலிருந்து கூட இருப்பவை. இன்னொரு தொண்டைப் புண் வந்தால் ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி அவற்றைத் தேடி வரும். வால்வு கெட்டவர்களுக்குக் குறைந்தது 40 வயது வரை ஊசி தொடர வேண்டும் என்பதே நெறி, ஆபரேஷன் ஆனாலும் அது மாறாது. அசிட்ரோம் சாப்பிடுபவர் தசையில் ஊசி போட்டுக்கொண்டால் உள்ளே ரத்தம் கட்டும் என்பதால், ஊசிக்குப் போகும்போது ஐஎன்ஆர் குறித்த நோட்டையும் எடுத்துப் போக வேண்டும். எண் அளவுக்குள் இருந்தால் போட்டுவிட்டு அந்த இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்வார்கள். கூடியிருந்தால் அன்றைக்கு ஊசி கிடையாது. மருத்துவர் தினம் இரண்டு வேளை பென்சிலின் மாத்திரைக்கு மாற்றக்கூடும்.